கண்ணாடி வீட்டில் மூட்டம்

அத்தியாயம் 4

“கொலை நடந்த இடம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க, மேடம். எனக்கென்னவோ கல்யாண மண்டபத்தைக் காலி பண்ணின மறுநாள் மாதிரி தெரியுது” என்றார் கதிரவன்.

அனந்தலக்ஷ்மி பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லவில்லை என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். பதில் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். நாலு வருஷமாக அவரிடம் குப்பை கொட்டியதில் கதிரவன் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்.

கல்லூரியின் தோட்டக்கலைத் துறைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கண்ணாடிக் குடில். வெளியே டில்லிக் குளிர் காதைக் கடித்தது. உள்ளே ஹீட்டர் புண்ணியத்தில் ஊர்ப்பக்கத்துக் கார்த்திகை மாசம் போல வெதுவெதுப்பு. கதிரவன் குரங்குக் குல்லாயைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டார். நாலு வரிசை மேஜைகள். மேஜைகள் மேல் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆர்க்கிட் தொட்டிகள். இலைகளெல்லாம் பச்சைப் பசேலென்று நலமாக இருந்தன. ஆனால் தண்டுகளில் ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை. அத்தனையும் பழுத்து வதங்கித் தரையில் கிடந்தன.

அனந்தலக்ஷ்மி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருபத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்தவர். யாருடைய குறிப்பில் பொய் இருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோல் மார்க்கெட்டில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். வருகிற வழக்கில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. கதிரவன் குடியாத்தத்துக்காரர். வயது நாற்பத்தேழு. ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தார், அதில் பதினொன்று ரேஷன் ஸ்டோரில். எதிரியை விட எலியைத்தான் அதிகம் சுட்டேன் என்பார்.

நேற்று அவர்களைத் தேடி வந்தவர் பாலசுப்ரமணியம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கிளார்க், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். தோளில் கறை படிந்த சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில் துணிப்பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “தாயில்லாத பொண்ணுங்க மேடம். மூணு வருஷம் அந்தச் செடிங்களைப் புள்ளை மாதிரி வளர்த்திருக்கா. அவ செய்யலீங்க. செஞ்சவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்று கைகூப்பினார். அவர் போனபின் கதிரவன், “ஸ்வெட்டர்ல பாதி ஆபீஸ் டீயைக் கொட்டிட்டு வந்திருக்கார் மனுஷன்” என்றார். அனந்தலக்ஷ்மி சிரிக்கவில்லை.

பெண்ணின் பெயர் சிந்து. இறுதியாண்டு மாணவி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடிலைப் பார்த்துக்கொள்ளும் முறை அவளுடையது. சாவியும் அவளிடம். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் இந்தக் கோலம். பத்து நாளில் மலர்க் கண்காட்சி. இன்று மாலை நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. வேறு ஆள் என்று நிரூபிக்காவிட்டால் சிந்துவின் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். இப்போது மணி பதினொன்று.

தரையில் இரண்டு பேர் மண்டியிட்டு உதிர்ந்த மொட்டுகளைத் தட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நரேன், ஜ்யோத்ஸ்னா. சிந்துவோடு சேர்ந்து இந்தச் செடிகளை வளர்த்தவர்கள். பேச்சு இந்தியில் நடந்தது.

“எதுக்குப்பா பொறுக்கறேள்?” என்று அனந்தலக்ஷ்மி கேட்டார்.

“சும்மா நிக்க முடியல, ஆன்ட்டி” என்றான் நரேன். “விதையிலிருந்து பூ வர்றதுக்கு மூணு வருஷம் ஆகும். இது முதல் பூ. எங்க மூணு பேர் ப்ராஜெக்டும் இதுதான். அடுத்த பூ வர்றப்போ நாங்க இந்தக் காலேஜ்லயே இருக்க மாட்டோம்.”

“சிந்து செஞ்சிருப்பாளா?”

நரேன் தட்டைப் பார்த்தான். “கேட் ரிஜிஸ்டர்ல அவ ஸ்கூட்டர் நம்பர் இருக்கு. சனிக்கிழமை காலை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். வேற யாரும் வரல. இங்கே இருக்கிற நோட்டுலயும் ரெண்டு நாளும் அவ கையெழுத்து. இருபத்திரண்டு டிகிரி, எல்லாம் நலம்னு எழுதியிருக்கா.”

“கேட்ல நம்பரை மட்டும்தான் எழுதுவாங்களா? முகத்தைப் பாக்க மாட்டாங்களா?” என்றார் கதிரவன்.

“இந்தக் குளிர்ல ஹெல்மெட், மஃப்ளர், குல்லா. முகம் எங்கே தெரியும், அங்கிள்?”

“அது சரி. எங்க மேடமே காலையில என்னைப் பார்த்து பால்காரர்னு நெனச்சு தூக்குச் சட்டியை நீட்டினாங்க.”

ஜ்யோத்ஸ்னா மட்டும் லேசாகச் சிரித்தாள், சிரித்ததற்காக வருத்தப்பட்டவள் போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பூச்சி இல்லை, மருந்து நாத்தமும் இல்லை. கேஸ் ஹீட்டரா இருந்தா அதோட புகையைச் சந்தேகப்படலாம். இது கரண்ட் ஹீட்டர். எனக்குப் புரியல ஆன்ட்டி. சிந்து திங்கட்கிழமையிலிருந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. போன் எடுக்கறதில்லை.”

கதிரவன் குடிலை ஒரு சுற்று வந்தார். எங்கு பார்த்தாலும் மண், பாசி, காய்ந்த இலை. கடைசி மூலைக்கு வந்ததும் நின்றார்.

“மேடம், ஜல்தி இங்க வாங்க. மொத்த இடத்தையும் தீபாவளிக்குத் தீபாவளிதான் பெருக்குவாங்க போல. இந்த மூலை மட்டும் ஜெனரல் சாப் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயாரா இருக்கு.”

நாலடிக்கு நாலடி. யாரோ துடைத்து, கழுவிக்கூட விட்டிருந்தார்கள். அனந்தலக்ஷ்மி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்து மேஜையின் வெள்ளைப் பிளாஸ்டிக் காலில் பழுப்பு நிறத்தில் ஐந்தாறு சொட்டுகள். நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மேலே பார்த்தார். கூரைக் கண்ணாடியில் லேசாகப் புகை படிந்த ஒரு வட்டம்.

கதிரவன் முகத்துக்கு முன்னால் கையை வீசினார். “பூவே இல்லாத வீட்ல இந்த ஈக்கு என்ன வேலை?”

“அது மண் ஈ, அங்கிள். எப்பவும் இருக்கும்” என்றான் நரேன்.

“தம்பி, நீ செடி படிச்சவன், ஒத்துக்கறேன். நான் பதினொரு வருஷம் ஈயோட குடித்தனம் பண்ணினவன். மண் ஈ கறுப்பா ஒல்லியா இருக்கும். இது சிவப்புக் கண்ணு, தொப்பை. பழ ஈ. பழம் இருந்த இடத்தை விட்டு நாலு நாளைக்குப் போகாது.”

அனந்தலக்ஷ்மி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மெச்சுதல் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற சமாசாரம், கதிரவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த உற்சாகத்தில் மேஜையைச் சற்றே நகர்த்தினார். காலுக்கும் சுவருக்கும் நடுவே, ஓரம் கருகிய சாக்குத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அதில் நீல மையில் பாதி எழுத்து. தமிழ் எழுத்து.

“இது எனக்குத் தெரிஞ்ச சாக்கு” என்றார் அனந்தலக்ஷ்மி மெதுவாக. “எங்காத்துக்குப் புழுங்கலரிசி இதுலதான் வரது.”

காரில் ஏறியதும் கதிரவனுக்கு வாய் நிற்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார்.

“கேட் வாட்ச்மேன் வேலைதான் மேடம். வெளியில தள்ளுவண்டிப் பழக்காரன் எவனோ, குளிர்ல காய் பழுக்கலைன்னு அழுதிருப்பான். இவரு நூறோ எரநூறோ வாங்கிட்டு உள்ள விட்டிருப்பாரு. நாலு மணிக்குள்ள ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினா, பொண்ணு தப்பிச்சிடும். பாலசுப்ரமணியம் சார் நம்மளத் தோள்ல தூக்கிட்டு ஆடுவாரு.”

“சாவி?” என்றார் அனந்தலக்ஷ்மி.

“கள்ளச் சாவி.”

“மூலையைக் கழுவினது யாரு?”

“அதே பழக்காரன். சுத்தக்காரனா இருப்பான்.”

“அச்சா” என்றார் அவர். நம்பாதபோது அவர் சொல்கிற வார்த்தை அது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் மீனும் காப்பிப்பொடியும் ஒரே சந்தில் மணக்கும். சந்திரம்மாள் தன் மளிகைக் கடையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அப்பளக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சாக்குத் துண்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நம்ம சாக்குதான். பூசத்துக்கு முன்னால ஒருத்தர் சும்மா கேட்டு வாங்கிட்டுப் போனாரு. வாழைத்தாரை மூடறதுக்கு.”

“வாழைத்தாரா?”

“ஆமாம்மா. திங்கட்கிழமை தைப்பூசம் இல்ல? ஆர்.கே.புரத்துல ஒரு காவடிக் குழு. வருஷா வருஷம் பஞ்சாமிர்தத்துக்கு நான்தான் பழம் குடுப்பேன். இந்தத் தடவை லாரி லேட்டு, அஞ்சு தாரும் கல்லு மாதிரி பச்சையா வந்து நிக்குது. இந்தக் குளிர்ல ஒரு மாசமானாலும் பழுக்காதுன்னேன். மனுஷன் சிரிக்கிறாரு. ‘மூட்டம் போட்டா ஒரே நாள்ல பழுத்துடும். அதுக்குத் தகுந்த வெதுவெதுன்னு ஒரு கண்ணாடி ரூம் நமக்கு இருக்கு’ன்னாரு. மூட்டம்னா தெரியுமில்ல? சாக்கைப் போட்டு மூடி, சட்டியில நெருப்பு வெச்சு, புகை காட்டறது.”

கதிரவனுக்குக் கை துறுதுறுத்தது. “பேரு என்னம்மா அவருக்கு?”

“பேரு யாரு கேட்டா? குழுக்காரர்னு தெரியும். ஸ்கூட்டர்ல வருவாரு. நல்ல மனுஷன், பாவம். இந்த வயசுல ஒவ்வொரு தாரா தோள்ல தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்தினாரு. தாரை வெட்டின இடத்துல பால் சொட்டுது, துணியெல்லாம் கறையாகும்னு சொல்றேன், கேக்கல.”

அனந்தலக்ஷ்மி கையிலிருந்த நோட்டை மூடினார். “எந்தத் தோள்ல தூக்கினார்?”

இது என்ன கேள்வி என்பது போலச் சந்திரம்மாள் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி யோசித்துப் பார்த்து, “வலது தோள்ல” என்றார்.

காருக்குத் திரும்பும் வழியில் கதிரவன் மூன்று ஜோக் அடித்தார். மூன்றும் சந்தில் விழுந்து கிடந்தன.

“காலேஜுக்குத்தானே மேடம்?”

“ஆர்.கே.புரம் போங்கோ.”

“சிந்துகிட்ட நல்ல சேதி சொல்லவா?”

அனந்தலக்ஷ்மி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதிரவன் வண்டியை ஓட்டினார். அவருக்குள் ஏதோ ஒன்று தட்டுப்பட்டு நழுவியது. எங்கேயோ பார்த்த ஒன்று, தானே கேலி செய்த ஒன்று. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடி. கதவு சாத்தாமல் இருந்தது. முன்னறையில் யாரும் இல்லை. பின் பால்கனியில் தண்ணீர் சத்தம். இருவரும் போய் நின்றார்கள்.

சிந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டில் ஒரே ஒரு துணி. பக்கத்தில் சோப்பு, எலுமிச்சைத் தோல், மண்ணெண்ணெய் பாட்டில், உப்பு. குளிர்ந்த தண்ணீரில் அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. துணியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிற ஸ்வெட்டர். வலது தோளில் பழுப்புக் கறை, திட்டுத் திட்டாக, அப்படியே.

கதிரவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஆபீஸ் டீ என்று சொல்லித் தான் சிரித்தது நினைவுக்கு வந்து நாக்கு கசந்தது.

“வாழைக்கறை போகாதும்மா” என்றார் அனந்தலக்ஷ்மி. “துணி கிழியும், கறை போகாது.”

சிந்து திடுக்கிடவில்லை. யாராவது வந்து சொல்லட்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தவள் போல ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். டில்லியில் பிறந்து வளர்ந்த பெண்ணின் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

“எனக்கு ஃபீவர், ஆன்ட்டி. நூத்திமூணு. நரேன்கிட்ட சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ரெண்டு தடவை எனக்காக வந்தான், வெக்கமா இருந்தது. அப்பாகிட்ட சாவி குடுத்தேன். மத்லப்... அதாவது, டெம்பரேச்சர் பாத்து போன்ல சொல்லுங்க, வேற ஒண்ணும் தொடாதீங்கன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் தொடல. ஒரு செடியைக்கூடத் தொடல.”

“பழத்தை வெச்சார்.”

“என் ஸ்கூட்டர்லதான் போயிருக்கார். பின்னால வந்த ஆட்டோவை கேட்ல பூஜை சாமான்னு சொல்லியிருக்கார், நம்பர் எழுதாமலே விட்டுட்டாங்க. திங்கட்கிழமை கதவைத் திறந்தேன். வாசனை வந்தது. வாழைப்பழம், புகை.” அவள் குரல் ஒரே சீராக இருந்தது, பாடம் ஒப்பிப்பது போல. “பழம் பழுக்கறப்போ ஒரு காத்து வரும். புகையிலயும் அதே காத்து இருக்கு. அதுதான் காயைப் பழுக்க வைக்கும். அதேதான் பூவை உதிர்க்கும். ஃபர்ஸ்ட் இயர்ல முதல் மாசம் படிச்சது. மூடின ரூம்ல ரெண்டு நாள் போதும். ஜன்னலெல்லாம் திறந்தேன். சாம்பலைக் கூட்டினேன். மூலையைக் கழுவினேன். அப்பா போன்ல சொன்ன டெம்பரேச்சரை நோட்டுல நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நரேனும் ஜ்யோத்ஸ்னாவும் வந்தாங்க.”

“அப்பாவுக்கு?”

“தெரியாது. செடிக்குப் பழம் என்ன கெடுதல் பண்ணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? தான் போனதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, வெளியாள் போக ரூல் இல்லைன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். அதனாலதான் உங்ககிட்ட மறைச்சார். வேற எதையும் மறைக்கல.”

கதிரவன் வாட்சைப் பார்த்தார். மணி ஒன்றரை. “இன்னும் நேரம் இருக்குதும்மா. தெரியாம நடந்தது. நாங்க வந்து பேசறோம்.”

சிந்து இல்லை என்று தலையாட்டினாள். “சாவியை வெளியாள்கிட்ட குடுத்தது நான். அதுக்கும் பேரை அடிப்பாங்க அங்கிள், ரூல் புக்ல இருக்கு. காலேஜ் கிளாஸ்ஹவுஸ்ல நெருப்பு வெச்சதுக்கு அப்பா மேல போலீஸ் கம்ப்ளெயின்ட் வரும். அவர் மே மாசம் ரிட்டயர் ஆகறார். உண்மையைச் சொன்னா ரெண்டு பேர் போவோம். சொல்லாட்டி நான் மட்டும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மருந்து அளவு தப்பிடுச்சு, என் தப்புதான்னு பன்னிரண்டு மணிக்கே கமிட்டிக்கு மெயில் அனுப்பிட்டேன்.”

அனந்தலக்ஷ்மி பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த முடிச்சுக்கும் இரண்டாவது நுனி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர் அவர். கதிரவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை.

“அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க, ஆன்ட்டி. ப்ளீஸ். காலேஜ் போனா போகட்டும். இது தெரிஞ்சா அவர் என் முகத்தைப் பாக்கவே மாட்டார்.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிந்து ஸ்வெட்டரைப் பக்கெட்டுக்குள் அமுக்கினாள்.

பாலசுப்ரமணியம் மெல்லிய சட்டை மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கியபடி உள்ளே வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியருக்குப் பிரசாதம் கொடுக்கலாம் என்று கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். உள்ளே விடவில்லை. இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“மேடம், நீங்களே வந்துட்டீங்களா? கண்டுபிடிச்சிட்டீங்க போல. யாருங்க அவன்?”

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஃபைலிலும் அனந்தலக்ஷ்மி பொய்க் குறிப்பு எழுதியதில்லை என்பது கதிரவனுக்குத் தெரியும். அவர் சொல்லியே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்.

“இல்லை சார்” என்றார் அனந்தலக்ஷ்மி. “என்னால கண்டுபிடிக்க முடியலை. மன்னிச்சுடுங்கோ.”

“சரிங்க. நீங்க என்ன செய்வீங்க” என்று பாலசுப்ரமணியம்தான் இவர்களுக்கு ஆறுதல் சொன்னார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று தூக்கைத் திறந்தார். ஸ்பூனால் எடுத்து அனந்தலக்ஷ்மி கையில் வைத்தார், கதிரவன் கையில் வைத்தார்.

“பூசத்துப் பஞ்சாமிர்தம். கடைச் சரக்கில்லீங்க, பழம் நானே மூட்டம் போட்டது. டில்லி பூரா யாருக்கும் பழுக்கல. எனக்கு ஒண்ணரை நாள்ல பொன்னாட்டம் பழுத்துச்சு.” நேற்றிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிறு பெருமை தெரிந்தது. “இதைப் படைச்சுத்தான் முருகன்கிட்ட முறையிட்டேன். எம்பொண்ணோட மூணு வருஷத்தை அழிச்சவன் எவனா இருந்தாலும், அவன் வம்சம் விளங்கக் கூடாதுன்னு.”

“அப்பா” என்றாள் சிந்து பால்கனியிலிருந்து. “அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கோங்க.”

“எதுக்கும்மா வாங்கணும்? அவன் மட்டும் நல்லாருக்கலாமா?”

சிந்து முதுகைத் திருப்பிக்கொண்டு ஸ்வெட்டரைப் பிழிந்து கொடியில் போட்டாள். அனந்தலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். கதிரவனும் போட்டுக்கொண்டார். ஏலக்காய், தேன், நெய், கனிந்த பழம். நன்றாகத்தான் இருந்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“எப்படீங்க இருக்கு?” என்று பாலசுப்ரமணியம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற கதிரவன் மெதுவாக விழுங்கினார்.

“நல்லா பழுத்திருக்கு, சார்” என்றார்.